கணிப்பொறித் திரையில் வரப்புகள்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. அந்த உப்பு விளையும் மரக்காணத்தில் பிறந்து வளரும் நமக்குப் பாத்தி என்றால் என்ன, வரப்பு என்றால் என்ன, மடை என்றால் என்ன என்று ஒருவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் கணிப்பொறியின் திரையிலும் பாத்திகள் உண்டு, அவற்றுக்கு வரப்புகள் உண்டு, சில வேளைகளில் தண்ணீர் தவறான பாத்திக்குப் பாய்ந்து விடுவதும் உண்டு என்று சொன்னால் நம்மில் பலர் வியப்படைவர். அதைப் பற்றியே இக்கட்டுரை. தேர்வுக்கு வராத செய்தி என்று தோழியர் இதனை ஒதுக்கிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே கணிப்பொறியை வீட்டில் மூன்று நான்கு பேர் பகிர்ந்து கொள்ளும் நமக்குத்தான் இது மிகவும் தேவை.

முதலில் சொற்களைத் தெளிவு செய்து கொள்வோம். இணையத்தில் உள்ள பக்கங்களை நமக்குக் காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சபாரி ஆகியவை உலாவிகள். உலாவி திரையில் விரிக்கும் சட்டத்துக்குச் சாளரம் என்று பெயர். ஒரே சாளரத்துக்குள் பல பக்கங்களை அடுக்கி வைத்து, தலைப்பகுதியில் வரிசையாகத் தெரியும் சிறு சீட்டுகளைச் சொடுக்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுகிறோம் அல்லவா? அந்தச் சீட்டைப் பேச்சில் ‘டேப்’ என்கிறோம். தமிழில் அதைத் ‘தாவல்’ என்று சொல்வதுண்டு. பயர்பாக்ஸ் உலாவியைத் தமிழாக்கியவர்கள் ‘கீற்று’ என்று எழுதினர். கீற்றுக் கொட்டகை இல்லாத தெருவே இல்லாத ஊர்க்காரியாகிய எனக்குக் கீற்று என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. ஆகவே அதையே இங்கு ஆளுகிறேன்.

நான்காவது சொல் பணியிடம். இதுதான் நம்மில் பலருக்குப் புதியது. கணிப்பொறிக்குத் திரை ஒன்றே. ஆனால் அந்த ஒரே திரையை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த பல மேசைகளைப் போலப் பயன்படுத்தலாம். முதல் மேசையில் அறிவியல் பாடம், இரண்டாவது மேசையில் அம்மாவின் மகளிர் குழுக் கணக்கு, மூன்றாவது மேசையில் அக்காவின் வேலை விண்ணப்பம் என்று வைத்துக்கொண்டு, விசையை அழுத்தியதும் மேசைக்கு மேசை மாறலாம். ஒரு மேசையில் இருக்கும்போது மற்ற மேசைகளில் விரித்து வைத்தவை கண்ணுக்குத் தெரியா. ஆனால் அவை மூடப்படவும் இல்லை, அங்கேயே காத்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஒவ்வொரு மேசையும் ஒரு பணியிடம்.

இது நேற்று முளைத்த வசதி அன்று. 1986ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில், ஆஸ்டின் ஹெண்டர்சன், ஸ்டூவர்ட் கார்டு என்னும் இருவர் ‘அறைகள்’ என்று பெயரிட்டு இப்படி ஓர் அமைப்பை உருவாக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கண்ட துன்பம் எளியது. திரை சிறியது, விரித்து வைக்க வேண்டியவையோ ஏராளம். சிறிய மேசையில் பத்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு படிப்பவள், படிக்கும் நேரத்தை விடப் புத்தகங்களைத் தள்ளித் தள்ளி வைக்கும் நேரத்தையே அதிகம் செலவிடுகிறாள் அன்றோ? அதே நிலைதான். ஆகவே அவர்கள் வேலைக்கு ஓர் அறை என்று பிரித்தனர். அறைக்கு அறை செல்லக் கதவு வைத்தனர். வந்த வழியே திரும்பப் பின்கதவும் வைத்தனர். எந்த அறைக்குச் சென்றாலும் கூடவே தெரிய வேண்டிய கடிகாரம் போன்றவற்றை வைக்கச் ‘சட்டைப்பை’ என்று ஒன்றை ஏற்படுத்தினர். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எதையேனும் எடுத்துச் செல்ல வேண்டுமானால் ‘மூட்டை’ கட்டிக்கொள்ளலாம். கதவு, சட்டைப்பை, மூட்டை! கணிப்பொறி அறிஞர்கள் இவ்வளவு வீட்டுச் சொற்களால் சிந்தித்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிக்க மகிழ்ச்சி தந்தது. இதில் நான் முக்கியமாகக் குறித்துக்கொண்டது ஒன்று. அந்த அமைப்பில் ஒரு சாளரம் வேறு அறைக்குப் போனால், அது கணிப்பொறியை ஆள்பவர் விரும்பி எடுத்துச் சென்றதாகவே இருக்கும்.

அதன் பிறகு லினக்ஸ், யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் பணியிடங்கள் பரவலாயின. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறிகளில் 2007ஆம் ஆண்டும், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸில் 2015ஆம் ஆண்டும் இவ்வசதி சேர்ந்தது. நம் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் இது நுழைந்த கதை சற்று வேறு. சி-டாக் என்னும் மைய அரசின் கணிப்பொறி நிறுவனம், சென்னையில் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளத்தை டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸுடன் பாஸும் இருந்தது. நம் அண்ணன்மார், அக்காமார் வாங்கி வந்த அந்தக் கணினிகளில் பணியிடங்கள் முதல் நாளிலிருந்தே இருந்தன. பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு செய்தி. தெரியாமல் விசையை அழுத்தி, திறந்து வைத்த எல்லாம் மறைந்து போனதாக அஞ்சி, கணினியை அணைத்துவிட்டுப் படுத்தவர்களும் உண்டு!

உலாவியின் கீற்றுகள் வேறு வழியில் வந்தன. முன்பு ஒவ்வோர் இணையப் பக்கமும் ஒரு தனிச் சாளரமாகவே திறந்தது. 2001இல் மொசில்லா உலாவியில் கீற்றுகள் வந்தன. 2004 நவம்பரில் வெளியான பயர்பாக்ஸ் அவற்றைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. 2006இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஏற்றுக்கொண்டது. இப்போது ஒரே சாளரத்தில் நாற்பது கீற்றுகள் வைத்திருப்பவர்களைச் சாதாரணமாகக் காண்கிறோம்.

ஆக, வேலைகளைப் பிரித்து வைக்கப் பணியிடம் ஒரு வழி, பக்கங்களை ஒன்றாய்ச் சேர்த்து வைக்கக் கீற்று ஒரு வழி. ஒன்று பிரிக்கிறது, மற்றொன்று சேர்க்கிறது. இவ்விரண்டும் ஒரே திரையில் சந்திக்கும்போது ஒரு வழக்கு எழுகிறது.

வழக்கு இதுதான். முதல் பணியிடத்தில் உலாவியைத் திறந்து, அறிவியல் பாடத்துக்காக ஆறு கீற்றுகள் வைத்திருக்கிறோம். இப்போது மூன்றாவது பணியிடத்துக்கு மாறி, அக்காவுக்கு வந்த மின்னஞ்சலை அதற்குரிய தனிச் செயலியில் படிக்கிறோம். அதில் உள்ள ஓர் இணைப்பைச் சொடுக்குகிறோம். அந்தப் பக்கம் எங்கே திறக்க வேண்டும்?

மூன்று விதமாக நடக்கலாம். முதல் பணியிடத்தில் உள்ள சாளரத்தில் ஏழாவது கீற்றாகத் திறந்து, நம்மையும் அங்கே இழுத்துக்கொண்டு போகலாம். அல்லது அங்கே சத்தமின்றித் திறந்துவிட்டு, நம்மை மூன்றாவது பணியிடத்திலேயே விட்டுவிடலாம். நாம் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் சொடுக்கிக் கொண்டிருப்போம். அல்லது நாம் இருக்கும் மூன்றாவது பணியிடத்திலேயே திறக்கலாம். அங்கே உலாவிச் சாளரம் இருந்தால் அதில் ஒரு கீற்றாகவும், இல்லாவிட்டால் ஒரு புதிய சாளரமாகவும். இம்மூன்றும் உலகில் நடப்பவைதாம். உலாவிக்கு உலாவி, இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறுபடுகிறது.

எது சரி என்று சொல்லுமுன் நம் உப்பளத்துக்கு ஒருமுறை போய் வருவோம். கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அந்த நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் காய விடுகிறார்கள். நீர் ஆவியாக ஆவியாக உவர்ப்பு ஏறுகிறது. ஏறிய நீரை மடை வழியே அடுத்த பாத்திக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் விடுகிறார்கள். உவர்ப்பை அளக்கும் போமே அளவில் கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். ஏறக்குறைய 25 டிகிரிக்கு வந்ததும் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு மேலும் விட்டு 29, 30 டிகிரியைத் தாண்டினால் மக்னீசிய உப்புகளின் கசப்பு சேர்ந்துவிடும். ஆகவே மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இந்த வேலை முழுவதும் வரப்பை நம்பியே நடக்கிறது. உப்பு பூத்த பாத்தியில் முதற்பாத்தியின் இளநீர் புகுந்தால் விளைந்த உப்பே கரைந்து போகும். தண்ணீர் ஒன்றுதான், ஆனால் எந்தத் தண்ணீர் எப்போது எந்தப் பாத்திக்கு என்று மடையைத் திறப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் தானாக முடிவு செய்யக்கூடாது.

என் கருத்தும் அதுவே. பணியிடத்தைப் பிரித்தவள் ஒரு காரணத்தோடு பிரித்திருக்கிறாள். மூன்றாவது பணியிடத்தில் நின்றுகொண்டு ஓர் இணைப்பைச் சொடுக்கினால் அந்தப் பக்கம் மூன்றாவது பணியிடத்தின் வேலைக்கு உரியது. ஆகவே அது அங்கேயே திறக்க வேண்டும். அங்கே சாளரம் இல்லையென்றால் புதிதாக ஒன்று திறக்கட்டும். நம்மைக் கேளாமல் வேறு பணியிடத்துக்கு இழுத்துச் செல்வதுதான் எல்லாவற்றிலும் தவறானது. ஏனெனில் அவ்வாறு போனதும் கண்ணில் படுவது அறிவியல் பாடத்தின் ஆறு கீற்றுகள். எதற்காகச் சொடுக்கினோம் என்பதே மறந்து போகும்.

என் அக்கா இதற்கு உடன்படவில்லை. அவரிடம் ஓர் உலாவிச் சாளரம், ஒரே ஒன்று, எப்போதும் இரண்டாவது பணியிடத்தில் இருக்கும். எங்கே சொடுக்கினாலும் எல்லாப் பக்கமும் அங்கேயே போய்ச் சேர வேண்டும், பிறகு தேடுவது எளிது என்கிறார். பணியிடத்துக்கு ஒரு சாளரம் என்று திறந்துகொண்டே போனால் பழைய மடிக்கணினி தாங்காது என்பது அவர் சொல்லும் இரண்டாவது காரணம். இரண்டாவது காரணத்துக்கு விடை எளிது. கணினியின் நினைவகத்தைப் பெரிதும் விழுங்குவது உள்ளே திறந்திருக்கும் பக்கங்களே. வெளிச்சட்டமாகிய சாளரம் அன்று. பத்துப் பக்கங்களை ஒரு சாளரத்தில் வைத்தாலும் மூன்று சாளரங்களில் வைத்தாலும் பெரிய வேறுபாடு இராது. முதல் காரணம் நியாயமானதே. அவரைப் போன்றவர்களுக்காக அந்த ஏற்பாடும் இருக்கட்டும். ஆனால் அது அவர்கள் கேட்டுப் பெறுவதாக இருக்க வேண்டும். வேண்டாத இடத்தில் திறந்த ஒரு சாளரத்தை இரண்டாவது பணியிடத்துக்குத் தள்ளிவிட அக்காவுக்கு ஒரு நொடி போதும். நாற்பது கீற்றுகளுக்கு நடுவே போய் ஒளிந்துகொண்ட பக்கத்தைத் தேடி எடுக்க எனக்கு அப்படி ஒரு நொடி போதாது.

இவ்வளவு எளிய செய்தியைக் கணிப்பொறி ஏன் தானாகச் சரியாகச் செய்வதில்லை? அங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. பணியிடங்களைப் பராமரிப்பது உலாவியின் வேலையன்று. அதற்கெனச் சாளர மேலாளர் என்று தனி நிரல் உண்டு. எந்தச் சாளரம் எந்தப் பணியிடத்தில் என்பது அதற்குத்தான் தெரியும். எந்தக் கீற்று எந்தச் சாளரத்தில் என்பதோ உலாவிக்குத்தான் தெரியும். வரப்புக்காரர் ஒருவர், மடைக்காரர் ஒருவர்; இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும்? லினக்ஸ் கணிப்பொறிகளில் நெடுங்காலமாக இருந்து வரும் எக்ஸ் சாளர முறையில் ஒவ்வொரு சாளரத்தின் மீதும் ‘இது இத்தனையாவது பணியிடம்’ என்று ஓர் எண் ஒட்டப்பட்டிருக்கும். எல்லாப் பணியிடத்திலும் தெரிய வேண்டியதற்கு ஒரு சிறப்பு எண் உண்டு. ஜெராக்ஸ்காரர்களின் சட்டைப்பைதான் அது. உலாவி விரும்பினால் இந்த எண்ணைப் படித்துப் பார்க்கலாம். விரும்பாவிட்டால், கடைசியாக நாம் தொட்ட சாளரம் எதுவோ அதில் புதிய கீற்றைத் திறந்துவிடும். இப்போது பரவி வரும் வேலண்ட் என்னும் புதிய முறையிலோ, பாதுகாப்பைக் கருதி, ஒரு செயலி தன் சாளரம் எந்தப் பணியிடத்தில் இருக்கிறது என்று கேட்டு அறியும் வழி பொதுவாகத் தரப்படவில்லை. பிறர் சாளரங்களை ஒரு செயலி நோட்டமிடக் கூடாது என்பது நல்ல எண்ணமே. ஆனால் தன் சாளரம் எங்கே என்றுகூடக் கேட்க முடியாதது சற்று மிகை என்று எனக்குத் தோன்றுகிறது.

சில இடங்களில் நல்ல வழக்கங்களும் வந்துள்ளன. லினக்ஸில் பயன்படும் க்னோம் திரையமைப்பில், ஒரு சாளரம் நம் வேலைக்கு நடுவே முன்னால் பாய்ந்து வர முயன்றால், சில வேளைகளில் அதைத் தடுத்து ‘இது தயாராக உள்ளது’ என்று ஓர் அறிவிப்பை மட்டும் காட்டும். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று காத்திருக்கும் பிள்ளையைப் போல. ஆனால் அதே க்னோமில், நாம் மூன்றாவது பணியிடத்தில் இருந்துகொண்டு உலாவியின் சின்னத்தைச் சொடுக்கினால், முதல் பணியிடத்தில் ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்துக்கு நம்மை அழைத்துச் சென்றுவிடும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால்தான் இருக்கும் இடத்திலேயே புதிய சாளரம் கிடைக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதித் தொல்லை தீரும். மேக் கணிப்பொறியின் அமைப்புகளில், ஒரு செயலிக்கு மாறும்போது அதன் சாளரம் உள்ள பணியிடத்துக்கே மாறலாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. வேண்டாமென்றால் அந்தக் குறியை எடுத்துவிடலாம்.

விண்டோஸில் பயில விரும்பும் தோழியர்க்குச் சில விசைகளைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் விசையையும் கண்ட்ரோல் விசையையும் சேர்த்து ‘டி’ எழுத்தை அழுத்தினால் புதிய பணியிடம் தோன்றும். ‘டி’ எழுத்துக்குப் பதில் இடது, வலது அம்புக்குறிகளை அழுத்தினால் பணியிடத்துக்குப் பணியிடம் மாறலாம். விண்டோஸ் விசையுடன் டேப் விசையை அழுத்தினால் எல்லாப் பணியிடங்களும் வரிசையாகத் தெரியும். அங்கே ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்து வேறு பணியிடத்தில் விடலாம். ஒரு சாளரத்தின் மீது வலது சொடுக்குச் செய்தால் எல்லாப் பணியிடத்திலும் அதைக் காட்டச் சொல்லும் வழியும் இருக்கிறது. உலாவிக்குள் ஒரு கீற்றை மட்டும் பிரிக்க வேண்டுமானால் அதைப் பிடித்துக் கீழே இழுத்து விட்டால் போதும், தனிச் சாளரமாகிவிடும்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் நிவர் புயலையும் 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலையும் கண்ட கரை இது. திடீரென அணைந்த கணினியை மீண்டும் இயக்கினால், இக்கால உலாவிகள் முன்பு திறந்திருந்த கீற்றுகளைத் திரும்பக் கொண்டு வந்துவிடுகின்றன. ஆனால் மூன்று பணியிடங்களில் இருந்த மூன்று சாளரங்களும் பல நேரங்களில் ஒரே பணியிடத்தில் வந்து குவிகின்றன. பழைய இடத்தை நினைவில் வைத்து அங்கங்கே கொண்டு சேர்ப்பவை சிலவே. பிரித்து அடுக்கும் வேலை மீண்டும் நம் தலையில்.

இதுவரை சொன்னவை எல்லாம் வசதிக் குறைவுகள்தாம். இனிச் சொல்லப் போவது அப்படிப்பட்டதன்று.

பணியிடம் என்னும் வரப்பு கண்ணுக்கு மட்டுமே வரப்பு. அடியில் தண்ணீர் ஒன்றுதான். ஓர் உலாவியில் ஒரு தளத்துக்குள் நம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும்போது, அந்தத் தளம் உலாவியிடம் ‘குக்கி’ என்னும் ஒரு சிறு அடையாளச் சீட்டைக் கொடுத்து வைக்கிறது. அடுத்த முறை பக்கத்தைக் கேட்கும்போது உலாவி அந்தச் சீட்டைக் காட்டுகிறது. சீட்டைப் பார்த்துத்தான் தளம் நம்மை இன்னார் என்று அறிந்துகொள்கிறது. அந்தச் சீட்டு கீற்றுக்குக் கீற்று வேறன்று. சாளரத்துக்குச் சாளரம் வேறன்று. பணியிடத்துக்குப் பணியிடமும் வேறன்று. உலாவி முழுவதற்கும் அது பொது.

இதனால் என்ன நடக்கும் என்பதை நம் பகுதியில் ஒரு கணினி மையத்தில் கண்டேன். கல்வி உதவித்தொகை விண்ணப்பம் போடும் காலம். ஒரு பெண்ணின் தாயார் தம் மகளின் விண்ணப்பத்துக்காக அமர்ந்திருந்தார். பாதி நிரப்பியதும் வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வர வீட்டுக்குப் போனார். நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று, அங்கிருந்த அண்ணன் இரண்டாவது பணியிடத்துக்கு மாறி, அதே தளத்தில் வேறொரு மாணவியின் பெயரில் நுழைந்து அவளுடைய விண்ணப்பத்தைத் தொடங்கினார். பிரித்துத்தானே வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை அவருக்கு. தாயார் திரும்பி வந்ததும் முதல் பணியிடத்துக்கு மாறினார். அங்கே பழைய பக்கம் முதல் பெண்ணின் பெயருடன் அப்படியே இருந்தது. வங்கிப் புத்தகத்தின் படத்தைச் சேர்த்துச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். ஆனால் அதற்குள் உலாவியிடம் இருந்த அடையாளச் சீட்டு இரண்டாவது மாணவியுடையதாக மாறிவிட்டது! முதல் பெண்ணின் வங்கிக் கணக்கு இரண்டாவது மாணவியின் விண்ணப்பத்தில் போய் அமர்ந்தது. அச்சிட்ட தாளில் பெயரும் கணக்கும் பொருந்தாததை அந்தத் தாயார்தான் கவனித்தார். அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் மகளின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். திருத்தி முடிக்க மறுநாளும் வர வேண்டியதாயிற்று. உப்பு வாரும் பருவத்தில் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி.

வரப்பில் நண்டு வளை தோண்டினால் மேலே வரப்பு உறுதியாகவே தெரியும், அடியில் கசிந்துகொண்டிருக்கும். அதுபோன்றதே இது. கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்ட சில தளங்கள், சேமிக்கும்போது பக்கத்தைத் திறந்தவர் வேறு, இப்போது நுழைந்திருப்பவர் வேறு என்று கண்டுபிடித்து மறுத்துவிடும். எல்லாத் தளங்களும் அப்படியல்ல. பணியிடம் பிரித்தவளின் மனத்தில் இருப்பது ‘இது வேறு வேலை, இது வேறு ஆள்’ என்பதே. அந்த எண்ணத்தை உலாவியும் புரிந்துகொண்டு, புதிய பணியிடத்தில் புதிய சாளரம் திறக்கும்போது ‘இது அதே ஆளுக்கா, வேறு ஆளுக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அப்படிக் கேட்கும் உலாவியை நான் இதுவரை கண்டதில்லை.

மறைசாளரம் திறந்தால் போதாதா என்று தோழியர் கேட்கலாம். இரண்டு பேர் என்றால், ஒருவருக்குச் சாதாரணச் சாளரம், ஒருவருக்கு மறைசாளரம் என்று வைத்துக்கொள்ளலாம். அவை இரண்டும் வெவ்வேறு சீட்டுகளையே வைத்திருக்கும். மூன்றாவது ஆள் வந்தால் இது உதவாது. பல உலாவிகளில் இரண்டு மறைசாளரங்கள் திறந்தாலும் அவை இரண்டுக்கும் சீட்டு ஒன்றே. மேலும், மறைசாளரங்களை மூடியதும் சீட்டு அழிந்துவிடும். பாதியில் விட்ட வேலையைத் தொடர முடியாது.

உண்மையான வரப்பு என்பது உலாவியில் ஆளுக்கொரு கணக்குப் பிரிவு ஏற்படுத்துவதுதான். இதனை ஆங்கிலத்தில் ‘புரொபைல்’ என்கிறார்கள். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலும் இவ்வசதி உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சீட்டுகள், தனிக் கடவுச்சொற்கள், தனிப் பக்கக் குறிகள். ஒன்றின் நீர் மற்றொன்றில் கசியாது. பயர்பாக்ஸில் 2017 முதல் இன்னொரு வழியும் இருக்கிறது. ‘கொள்கலன்’ என்னும் துணைநிரலைச் சேர்த்தால் ஒரே சாளரத்தில் உள்ள கீற்றுகளையே வேறு வேறு நிறக் கோடிட்டுப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சீட்டு வைத்துக்கொள்ளலாம். சிவப்புக் கீற்றில் நுழைந்தவர் வேறு, பச்சைக் கீற்றில் நுழைந்தவர் வேறு. திறமான ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் பெரியவர்களுக்கு விளங்க வைக்கப் புரொபைல்தான் எளிது என்பது என் அனுபவம். நிறத்தை அவர்கள் அழகுக்கு என்று எண்ணிவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டு மடிக்கணினியில் இப்போது மூன்று புரொபைல்கள் உள்ளன. குரோமின் மேல் வலப்புறத்தில் இருக்கும் வட்டப் படத்தைச் சொடுக்கினால், புதிய புரொபைல் சேர்க்கும் வழி அங்கேயே கிடைக்கும். அம்மாவின் குழுக் கணக்குக்கு மஞ்சள், அக்காவுக்கு நீலம், எனக்குப் பச்சை. முதல் பணியிடத்தில் பச்சை, இரண்டாவதில் மஞ்சள், மூன்றாவதில் நீலம் என்று ஒரு வரிசையும் வைத்துக்கொண்டோம். கண்ணுக்குத் தெரியும் வரப்பும் அடியில் உள்ள வரப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திவிட்டன. அம்மா விசைகளை மனப்பாடம் செய்வதில்லை. மேலே ஓரத்தில் மஞ்சள் வட்டம் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறார். தெரியவில்லையென்றால் எந்தப் பொத்தானையும் தொடாமல் என்னையோ அக்காவையோ கூப்பிடுகிறார்.

அந்தக் கணினி மையத்திலும் இப்போது விண்ணப்பம் போட வருபவர் ஒவ்வொருவருக்கும் ‘விருந்தினர்’ சாளரம் ஒன்று திறக்கிறார்கள். ஒருவர் வேலை முடிந்து அதை மூடிய பிறகே அடுத்தவருக்குத் திறக்கிறார்கள். இடையில் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போனால், அடுத்தவரைப் பக்கத்துக் கணினியில் உட்கார வைக்கிறார்கள். சேமிக்கும் பொத்தானை அழுத்துமுன், திரையில் உள்ள பெயரை வந்தவரையே உரக்கப் படிக்கச் சொல்கிறார் அந்த அண்ணன். படிக்கத் தெரியாதவர்க்கு அவரே படித்துக் காட்டி, ஆமாம் என்று அவர்கள் சொன்ன பிறகே அழுத்துகிறார்.